திடீரென்று நின்றுபோகும் கணினி: டிரைவர் குறைபாடுகளைக் கையாளும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தில் நண்டு வாங்கும் ஒரு கம்பெனியின் எடைமேசைக்கு முன்னால், விடிந்தும் விடியாத பொழுதில், பத்துப் பதினைந்து பேர் கூடைகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். எடை மெஷினிலிருந்து ஒரு யுஎஸ்பி வயர் கணினிக்குச் செல்கிறது. கூடையை வைத்ததும் எடை திரையில் விழும், பில் அச்சாகும். அன்று மூன்றாவது கூடை ஏறியவுடன் திரை நீலமானது. கணினி தானாக எழுந்தது. அடுத்த கூடைக்கு மறுபடியும் நீலமானது. எதுவும் திருடு போகவில்லை, ஒரு கோப்பும் அழியவில்லை, வைரஸும் இல்லை. ஆனாலும் ஐஸ் உருகிக்கொண்டிருக்க, கார்பன் தாள் வைத்த பில் புக்கைத் தேடி எடுத்து, எடையைக் கையால் எழுதித்தான் அன்றைய கொள்முதலை முடிக்க முடிந்தது. கணினிப் பாதுகாப்புத் துறையில் 'சேவை முடக்கம்' என்று சொல்லப்படுவது இதைத்தான். மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை வட்டாரத்தில் இப்படிப்பட்ட சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பவன் என்ற முறையில், டிரைவர்களில் உள்ள முடக்கக் குறைபாடுகளை எப்படிக் கண்டறிந்து கையாள்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

கலைச்சொல் அகராதிகள் 'சாதன இயக்கி' என்று சொன்னாலும், புழக்கத்தில் இருப்பது டிரைவர் என்ற சொல்லே என்பதால் நானும் அதையே பயன்படுத்துகிறேன். இயங்குதளத்துக்கும் அதோடு இணைந்த கருவிக்கும் இடையே நின்று பேசும் நிரல் அது. கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு போன்றவற்றின் டிரைவர்களில் முக்கியமான பகுதி கெர்னல் எனப்படும் உள்மையத்தில், இயங்குதளத்துக்கு இருக்கும் அதே அதிகாரத்தோடு ஓடுகிறது. சாதாரண மென்பொருள் ஒன்று தடுமாறினால் அதன் சாளரம் மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் தடுமாறினால், தரவு மேலும் கெட்டுவிடாமல் இருக்க இயங்குதளம் தன்னையே நிறுத்திக்கொள்ளும். விண்டோஸில் நீலத்திரையாகவும், அண்மைக்கால விண்டோஸ் 11-இல் கருப்புத்திரையாகவும், லினக்ஸில் கெர்னல் பேனிக் ஆகவும் நாம் பார்ப்பது அந்த நிறுத்தத்தைத்தான்.

குறைபாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, மீன் ஏலத்தில் சரக்கோடு எழுதித் தரும் சீட்டை நினைத்துக்கொள்ளலாம். சீட்டில் 20 பெட்டி என்று எழுதியிருக்கிறது. லாரியில் 18 பெட்டிதான் இருக்கிறது. எண்ணிப் பார்க்கிற கணக்குப்பிள்ளை சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எண்ணாமல் நம்புகிறவர் இல்லாத பத்தொன்பதாவது பெட்டிக்குக் கையை நீட்டி லாரியிலிருந்து விழுவார். மென்பொருளோ கருவியோ நீட்டும் தரவின் நீளத்தையும் வகையையும் சரிபார்க்காத டிரைவர், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கைவைத்து இப்படித்தான் விழுகிறது. 2024 ஜூலை 19 அன்று ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்த கிரவுட்ஸ்டிரைக் நிகழ்வும் இந்த வகைதான்: புதிதாக அனுப்பப்பட்ட தரவுக்கோப்பு 21-ஆவது உள்ளீட்டை ஒப்பிடச் சொன்னது, ஆனால் நிரலிடம் இருந்தவை 20 மட்டுமே. அது எந்தக் கருவிக்கான டிரைவரும் அல்ல, பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர். ஆயினும் கெர்னலுக்குள் ஓடியதால் விளைவு ஒன்றாகவே இருந்தது. நினைவகத்தில் எதையும் சுட்டாத வெற்று முகவரியைத் தொடுதல், முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருத்தல், எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் தின்றுகொண்டே போதல், இரண்டு வேலைகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடுதல் ஆகியவை மற்ற வகைகள்.

முதலில் கணக்கெடுப்பு

எந்தெந்த டிரைவர் இருக்கிறது என்பதே தெரியாமல் குறைபாட்டு அறிவிப்புகளைப் படிப்பதில் பயனில்லை. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கணினிக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கிராபிக்ஸ், நெட்வொர்க், வைஃபை, ஒலி, பிரின்டர், யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் (எடை மெஷின் போன்ற கருவிகளை யுஎஸ்பி வழியாக இணைக்கும் மாற்றி) ஆகிய ஒவ்வொன்றிலும் டிரைவர் என்ற பகுதிக்குச் சென்று, வழங்குநர் பெயரையும் பதிப்பு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். டிடெயில்ஸ் பகுதியில் உள்ள ஹார்டுவேர் ஐடியையும் எழுதிக்கொள்வது நல்லது, ஏனெனில் கருவியின் பெட்டிமேல் அச்சிட்ட பெயரும் உள்ளே இருக்கும் சிப்பின் பெயரும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். குறைபாட்டு அறிவிப்பு வருவது சிப்பின் பெயரில்தான்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட் தானே வழங்கும் பல டிரைவர்களில் 21-06-2006 என்ற தேதி இருக்கும். அதைப் பார்த்து இருபது ஆண்டுப் பழைய டிரைவர் என்று பதற வேண்டாம். உற்பத்தியாளரின் டிரைவர் ஒன்று கிடைத்தால் அதுவே முந்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே இடப்பட்ட பழைய தேதி அது. அத்தகைய டிரைவர்களில் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்தால் போதும்.

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருவதால், கெர்னலைப் புதுப்பித்தால் அவையும் புதுப்பிக்கப்படும். 2024 பிப்ரவரி முதல் கெர்னல் குழுவினரே குறைபாடுகளுக்கு சிவிஇ எண் (ஒவ்வொரு குறைபாட்டுக்கும் தரப்படும் பொது அடையாள எண்) வழங்குவதால் எண்ணிக்கை மலைபோல ஏறியிருக்கிறது. அத்தனையையும் படிக்க எவராலும் முடியாது. உங்கள் கணினியில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களின் (கெர்னலில் தனித்தனியாக ஏற்றப்படும் டிரைவர் போன்ற பகுதிகளின்) பட்டியலை எடுத்து, அவற்றுக்கான அறிவிப்புகளை மட்டும் பாருங்கள்; தேவைப்படாத மாட்யூல்களை ஏறவிடாமல் தடைப்பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அறிவிப்பைப் படிக்கும் முறை

என்விடியா, இன்டெல், ஏஎம்டி போன்ற நிறுவனங்கள் தங்கள் டிரைவர்களின் குறைபாடுகளைப் பாதுகாப்பு அறிக்கைகளாக வெளியிடுகின்றன. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசரநிலைக் குழுவான சிஇஆர்டி-இன் (CERT-In) அமைப்பும் முக்கியமானவற்றைக் குறிப்புகளாகத் தருகிறது. ஒவ்வொரு குறைபாட்டுக்கும் 10-க்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் இருக்கும். பலரும் அந்த எண்ணை மட்டும் பார்த்து, ஏழுக்குமேல் இருந்தால் அஞ்சி, அதற்குக் கீழே இருந்தால் மறந்துவிடுகிறார்கள். டிரைவர் முடக்கக் குறைபாடுகளைப் பொறுத்தவரை இந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றிவிடும் என்பது என் கருத்து.

அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். கணினியில் ஏற்கெனவே உள்நுழைந்த ஒருவர், சாதாரணக் கணக்கிலிருந்தே, எளிதாகக் கணினியை விழவைக்க முடியும், ஆனால் தகவல் எதுவும் கசியாது, மாறாது என்றால், இந்த மதிப்பெண்ணுக்கான சிவிஎஸ்எஸ் 3.1 கணக்குமுறைப்படி மதிப்பெண் 5.5. அதே விளைவை இணையத்தின் எந்த மூலையிலிருந்தும் உள்நுழையாமலே உண்டாக்கலாம் என்றால் 7.5, ஒரே வைஃபை எல்லைக்குள் இருப்பவர் உண்டாக்கலாம் என்றால் 6.5, கையால் பென்டிரைவ் போன்ற ஒன்றைச் செருகினால்தான் முடியும் என்றால் 4.6. டிரைவர் குறைபாடுகளில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது என்பதால் 'நடுத்தரம்' என்ற முத்திரையோடுதான் வரும். ஆனால் அந்த மதிப்பெண் உங்கள் தொழிலை அறியாது. வீட்டில் படம் பார்க்கும் கணினி விழுந்தால் இரண்டு நிமிட எரிச்சல். கரைக்கு வந்த சரக்கை எடை போடும் நேரத்தில் விழுந்தால் அன்றைய வியாபாரமே கெடும். ஆகவே நான் என் நோட்டில் ஒவ்வொரு கணினிக்கும் நேரே, அது எந்த நேரத்தில் நின்றால் என்ன நட்டம் என்று ஒரு வரி எழுதிவைக்கிறேன். எடைமேசைக் கணினியின் 5.5, என்னிடத்தில் கணக்கு அறைக் கணினியின் 7.5-க்கு முன்னால் நிற்கும்.

மதிப்பெண்ணோடு, முன்தேவை என்ன என்பதையும் பாருங்கள். அட்மின் அல்லாத கணக்கில் வேலை செய்தால் போதும் என்ற அறிவுரையை எங்கும் கேட்கலாம். சாதாரணக் கணக்கிலிருந்தே தூண்டத்தக்க குறைபாட்டை அது தடுக்காது. தெரியாத டிரைவரை ஊழியர் எவரும் நிறுவிவிடாமல் தடுக்கும் என்பதற்காக அந்த அறிவுரையைப் பின்பற்றுங்கள்.

உப்பா, டிரைவரா?

நம் கடற்கரையில் மட்டும் கூடுதலாக எழும் கேள்வி இது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் யுஎஸ்பி துளைகளிலும் ரேம் பட்டைகளிலும் உப்பு படிந்து பச்சை பூக்கும். அதனால் வரும் நீலத்திரைக்கும் டிரைவர் குறைபாட்டால் வரும் நீலத்திரைக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. ஆகவே புதிய டிரைவரைத் தேடி ஓடுவதற்கு முன் தடயத்தைப் பாருங்கள்.

விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற கோப்புறையில், கணினி விழுந்த ஒவ்வொரு முறைக்கும் தேதியோடு ஒரு சிறு கோப்பு இருக்கும். மைக்ரோசாஃப்டின் விண்டிபிஜி என்ற இலவசக் கருவியால் திறந்தால், எந்த டிரைவர் கோப்பில் விழுந்தது என்று தெரியும். ஐந்து முறை விழுந்ததில் ஐந்திலும் ஒரே டிரைவரின் பெயர் வந்து, விழுந்த வேலையும் ஒன்றாகவே இருந்தால், சந்தேகம் டிரைவர் மேல். ஒருமுறை ஒலி, ஒருமுறை நெட்வொர்க், ஒருமுறை கோப்பு அமைப்பு என்று பெயரும் பிழைக்குறியும் மாறிக்கொண்டே இருந்தால், ரேமைக் கழற்றி அதன் தங்கநிறப் பட்டைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நினைவகச் சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். அவசரத்துக்கு உதவும், ஆனால் துகள் தங்கிவிடும். 0எக்ஸ்124 என்ற பிழைக்குறி வந்தால் அது கருவியே தெரிவித்த கோளாறு. பெரும்பாலும் டிரைவரை மாற்றிப் பயன் இருக்காது.

முதலில் சொன்ன நண்டு கம்பெனியில் நான் சறுக்கியது இந்த இடத்தில்தான். எடை மெஷின் வயரின் முனையில் உப்புப் படிவு தெரிந்தது, வயரை மாற்றினேன், கணினி விழுவது நின்றுவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போனேன். ஒரு மாதம் கழித்து அதே வரிசை, அதே நீலத்திரை. அப்போதுதான் மினிடம்ப் கோப்புகளை ஒழுங்காகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரின் டிரைவர் பெயரே இருந்தது. உப்பேறினால் எந்த வயரும் எடையைப் படிக்கும் பாதியில் ஒரு கணம் தொடர்பை விட்டுவிடுகிறது. கருவி பாதியில் மறைந்தால் என்ன செய்வது என்று அந்தப் பழைய டிரைவருக்குத் தெரியவில்லை. தொடர்பு அறுந்தால் 'எடை வரவில்லை' என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டிய டிரைவர், கணினியையே சாய்த்துவிட்டது என்றால், உப்பு சாக்குத்தான்; குறைபாடு டிரைவரில். உப்பு தற்செயலாகச் செய்ததை, வேண்டுமென்றே கோணலாகப் பேசும் ஒரு யுஎஸ்பி கருவியைச் செருகியும் ஒருவர் செய்யலாம். 2017-இல் சிஸ்காலர் என்ற சோதனைக் கருவியால் லினக்ஸின் யுஎஸ்பி டிரைவர்களைச் சோதித்தபோது டஜன் கணக்கில் வெளிவந்த குறைபாடுகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

திருத்தம் வரும்வரை

அறிவிப்பு வந்தும் திருத்திய டிரைவர் வராத நாட்களில், குறைபாடுள்ள டிரைவரை எவரும் எட்ட முடியாதபடி செய்வதே வழி. பயன்படாத கேமரா, புளூடூத், இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஆகியவற்றை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிடுங்கள். எடைமேசைக் கணினியில் எடை மெஷினுக்கும் பிரின்டருக்கும் தேவையான யுஎஸ்பி துளைகள் தவிர மற்றவற்றை பயாஸ் (விண்டோஸ் எழும்முன் ஓடும் அடிப்படை நிரல்) அமைப்பில் அணைத்துவிடலாம். போன் சார்ஜ் போட இடமில்லை என்று இரண்டு நாள் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும். வியாபாரிகளுக்கும் விருந்தினருக்கும் தரும் வைஃபை, பில் போடும் கணினி இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து பிரிந்திருக்கட்டும்.

கிராபிக்ஸ் டிரைவர் தனியாகக் கவனிக்கத்தக்கது. பிரவுசர்கள் இணையப் பக்கங்களை வரைய கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்துவதால், ஒரு பக்கத்தைத் திறப்பதே டிரைவர் வரை எட்டும் வழியாகிவிடுகிறது. பிரவுசர் அமைப்பில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தால் அந்த வழி வெகுவாகக் குறுகும். பில் போடுகிற கணினிக்கு அதனால் இழப்பு ஏதுமில்லை. விண்டோஸ் தானாகவும் ஒரு காவல் வைத்திருக்கிறது: கிராபிக்ஸ் சிப் இயல்பாக 2 விநாடிக்குமேல் பதில் தராவிட்டால் டிரைவரை மீட்டெழுப்பும். திரை ஒரு கணம் கருத்துத் திரும்பி, நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்ற எண் விழுந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. எப்போதாவது ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். வாரம் தவறாமல் வந்தால் டிரைவரையும் விசிறியில் அடைந்த தூசியையும் பாருங்கள்.

புதுப்பிக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தல்

திருத்திய டிரைவர் வந்தவுடன் எல்லாக் கணினியிலும் ஏற்றிவிடுவது நல்லதன்று, ஏனெனில் புதிய டிரைவரே முடக்கத்துக்குக் காரணமாகலாம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ நிறுவனத்தின் சீரியல் டிரைவர், அந்நிறுவனத்தின் சிப்பைப் போலச் செய்யப்பட்ட போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைச் சுழியமாக்கி அவற்றை வேலை செய்யாதபடி ஆக்கியது. எதிர்ப்பு எழுந்த பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. மலிவான கன்வெர்ட்டரை வாங்கி மாட்டியவர்களுக்கு அதில் இருப்பது போலிச் சிப் என்பதே அதுவரை தெரியாது. ஆகையால் எடைமேசைக் கணினிகளில் டிரைவர்கள் தானாக இறங்குவதை டிவைஸ் இன்ஸ்டலேஷன் அமைப்பில் நிறுத்திவைத்து, நானே கையால் ஏற்றுகிறேன்.

ஏற்றுவதற்கு முன், இப்போதிருக்கும் டிரைவரின் நிறுவல் கோப்பு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிரைவருக்குத் திரும்ப உதவும் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தானை நம்பி இறங்க வேண்டாம். பழைய டிரைவர் சேமிக்கப்படாத கணினியில் அது மங்கிக் கிடக்கும். சிஸ்டம் புரொடெக்‌ஷன் பல கணினிகளில் அணைந்தே இருக்கும், அதை இயக்கி பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரெஸ்டோர் பாயின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவரை உற்பத்தியாளரின் தளத்திலிருந்தோ விண்டோஸ் அப்டேட் வழியாகவோ மட்டும் இறக்குங்கள். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் எந்தக் கணினியிலும் வைப்பதில்லை. முதலில் உபரிக் கணினி ஒன்றில் ஏற்றி, எடை மெஷினை இணைத்து, எடையைப் படிக்கும்போதே வயரைப் பத்து முறை பிடுங்கிச் செருகிப் பாருங்கள். பழைய டிரைவர் விழுந்த இடத்தில் புதியது விழாமல் நின்றால்தான் திருத்தம் திருத்தமாகும்.

நாள் குறிப்பதில் கடல் நமக்கு உதவுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்ப்பில் இருக்கும். அவற்றை நம்பியிருக்கும் இறால் கம்பெனிகளுக்கும் ஐஸ் பிளான்ட்களுக்கும் பெரிய மாற்றங்களை அப்போது செய்துவிடலாம். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகும் வல்லமும் கொண்டுவரும் நண்டை வாங்குகிறவர்களுக்கு அந்த ஓய்வு கிடையாது. அவர்களுக்கு, எடை முடிந்து சரக்கு வண்டி ஏறிய பிறகு வரும் பிற்பகலே நேரம். ஆனால் இணையத்திலிருந்து தூண்டத்தக்க 7.5 வகைக் குறைபாட்டைத் தடைக்காலம் வரட்டும் என்று தள்ளிவைக்கக் கூடாது. சோதனை முடிந்த அன்றே ஏற்றிவிட வேண்டும்.

புதிய டிரைவரே வராத கணினிகளும் இருக்கின்றன. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பழைய கணினிகள் இன்னும் பல கடைகளில் பில் போட்டுக்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. என்விடியாவின் பழைய கெப்ளர் வகை கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 செப்டம்பரோடு நின்றுவிட்டன. அத்தகைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து எடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அல்லது இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போடலாம். போடும்முன் எடை மெஷினும் பில் பிரின்டரும் அதில் பேசுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

விழுந்துவிட்டால்

வரிசை நிற்கும்போது ஆராய்ச்சி வேண்டாம். பில் புக்கும் பேட்டரித் தராசும் மேசை இழுப்பறையில் இருக்கட்டும். கணினியை ஒருமுறை முழுவதும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, அரை நிமிடம் கழித்துச் செருகுங்கள். வெறும் ரீஸ்டார்ட்டில் கருவிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் அறுவதில்லை. 2013-இல் இன்டெல் 82574எல் ஈதர்நெட் சிப் உள்ள சில கணினிகளில், நெட்வொர்க்கில் வரும் ஒரு தரவுப் பொட்டலத்தின் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட ஓர் எண் வந்தாலே நெட்வொர்க் செத்துவிடுவது கண்டுபிடிக்கப்பட்டது. ரீஸ்டார்ட்டுக்கு அசையாத அது, மின்சாரத்தைப் பிடுங்கிக் கொடுத்த பிறகே எழுந்தது. அதற்குக் காரணம், போர்டு தயாரித்தவர் சிப்பின் அமைப்புகளைச் சேமிக்கும் ஈஈபிராம் நினைவகத்தைத் தவறாக எழுதியதே என்று இன்டெல் விளக்கியது. எழும்போதே விழுகிற கணினியை, அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஏறும் சேஃப் மோடில் எழுப்பி, கடைசியாக ஏற்றிய டிரைவரை நீக்கிப் பழையதைப் போடுங்கள்.

விழுந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, பிழைக்குறி, டிரைவர் கோப்பின் பெயர் ஆகிய நான்கையும் அன்றே நோட்டில் எழுதுங்கள். அதே செயலுக்கு ஒவ்வொரு முறையும் விழுகிறது என்று உறுதியானால், மினிடம்ப் கோப்போடு சிப் தயாரிப்பாளரின் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். திருத்தம் வரும்முன் விழவைக்கும் வழியைப் பொதுவெளியில் விளக்க வேண்டாம். யாரோ வேண்டுமென்றே முடக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட ஆணைப்படி, அறிந்த 6 மணி நேரத்துக்குள் சிஇஆர்டி-இன் அமைப்புக்கு அறிக்கை செய்ய வேண்டிய பொறுப்பு நிறுவனங்களுக்கு உண்டு.

ஒவ்வொரு கணினியிலும் வேலை செய்கிறது என்று உறுதியான டிரைவர்களை ஒரு பென்டிரைவில் எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடியுள்ள டப்பாவில், அந்த நோட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கச்சான் தொடங்கும்முன் ஒருமுறையும் வாடை தொடங்கும்முன் ஒருமுறையும் அதைச் செருகித் திறந்து பார்ப்பேன், ஏனெனில் உப்பு அதையும் விட்டுவைப்பதில்லை.